குட்டிப் புறாவின் இடி முழக்கம்

ரசிகர்களில் இரண்டு ரகம் உண்டு. சௌக்கியமாக ரசிக்கிறவர்கள் ஒரு ரகம். சிரமப்பட்டு ரசிக்கிறவர்கள் இன்னொரு ரகம்.

முதல் ரகத்தாருக்குச் சாய்ந்து கொள்ள நாற்காலி வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி வேண்டும். நடுவில் ஒரு வாய் காபி வேண்டும். பாட்டு அவர்களைத் தேடிக் கொண்டு வர வேண்டும். இரண்டாவது ரகத்தார் பாட்டைத் தேடிக் கொண்டு போகிறவர்கள். தெரியாத பாஷையில் பாடினால் அகராதியை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்து விடுவார்கள். டோக்கியோவில் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி என்றால், குளிர் காலத்தில் நியூயார்க்கில் அது விடியற்காலை நாலு மணி. அலாரம் வைத்து எழுந்து, பல் கூடத் துலக்காமல், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கை தட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது?

இந்த வாரம் உங்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்கப் போவது அந்த இரண்டாவது ரகத்தாரைத்தான். ஜப்பானில் பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்தும் ராக், மெட்டல் இசைக் குழுக்களின் ரசிகர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தின் ஓர் ஓரத்தில் நானும் நின்று கொண்டிருக்கிறேன். ஆகையால் எழுத்தில் கொஞ்சம் பட்சபாதம் தெரிந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

"மெட்டலா! பாத்திரக் கடைச் சமாசாரமா?" என்று நீங்கள் கேட்டாலும் தவறில்லை. சத்தத்தில் பாத்திரக் கடைக்கு அண்ணன் என்றே சொல்லலாம். மின்சார கிடார் இரண்டு, அடித்தளம் போட்டுக் கொடுக்கும் பேஸ் கிடார் ஒன்று, டிரம்ஸ் ஒன்று, பாடுகிறவர் ஒருவர். இதுதான் சாதாரணமாக ஒரு ராக் குழு. கிடாரின் நாதத்தை மின்சாரக் கருவிக்குள் விட்டு வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, வேகத்தையும் பாரத்தையும் ஏற்றிக் கொண்டே போனால் அது மெட்டல். டிரம்ஸ் வாசிப்பவர் கைகள் போதாமல் இரண்டு கால்களாலும் மிதிகட்டைகளை மிதித்து முழக்குவார். நடுவில் கிடாருக்கு ஒரு 'தனி' வரும். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்துக்கு நிமிர்ந்து உட்காருவாரே, அந்த மாதிரி கிடார்க்காரர் இரண்டடி முன்னால் வந்து நிற்பார்.

இந்தச் சங்கீதம் பிறந்த ஊர் இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் என்பார்கள். தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். 1970-ல் அந்த ஊரைச் சேர்ந்த பிளாக் சாபத் என்ற குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. நாலு இளைஞர்கள், தோளில் புரளும் தலைமயிர். அதற்குப் பிறகு வெகு காலம் வரையில் மெட்டல் என்றால் ஆண்பிள்ளைகள் விவகாரம் என்றே உலகம் தீர்மானம் செய்து வைத்திருந்தது.

இப்பொழுது ஜப்பானுக்குப் போவோம்.

* * *

1981-ஆம் வருஷக் கடைசியில் ஒஸாகா நகரத்தில் நவோகோ யமானோ என்ற பெண்ணும், அவர் தங்கை அட்ஸுகோவும், தோழி மிச்சியே நகதானியும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஒரு சின்னப் பேனாக்கத்தியின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள்: ஷோனென் நைஃப். 'சிறுவன் கத்தி' என்று அர்த்தம். எதைப் பற்றிப் பாடினார்கள் என்கிறீர்கள்? ஐஸ்கிரீமைப் பற்றி, சாக்லெட்டைப் பற்றி, தங்களுக்குப் பிடித்த இன்னும் பல தின்பண்டங்களைப் பற்றி! மூன்று வாத்தியம், மூன்று குரல், நேரான தாளம். அவ்வளவுதான். ஆனால் அந்த எளிமையில் சொக்கிப் போன ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன்தான் அவர். 1991-ல் தம் குழு இங்கிலாந்தில் சுற்றுப் பயணம் செய்தபோது, தமக்கு முன்னால் மேடையேறும்படி இந்த ஒஸாகாப் பெண்களை அழைத்துக் கொண்டு போனார். உலகமே யாருக்கு ரசிகராக இருந்ததோ, அவர் இவர்களுக்கு ரசிகர்!

அதே 1981-ல் டோக்கியோவில் ஷோ-யா என்ற குழு உருவாயிற்று. இவர்கள் ஐஸ்கிரீம் பாடுகிறவர்கள் அல்ல. கெய்கோ தெராதா என்ற பாடகிக்குத் தொண்டை வெண்கலம். 1985-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1987-ல் ஒரு காரியம் செய்தார்கள். அதற்காகவே இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். டோக்கியோவின் நடுவே ஹிபியா பூங்கா என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு திறந்தவெளி அரங்கம் உண்டு. அதை 'யஓன்' என்பார்கள். அந்த மேடையில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஒரு திருவிழாவை ஷோ-யா பெண்கள் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'நஓன் நோ யஓன்'. ஜப்பானிய மொழியில் பெண்ணுக்கு 'ஒன்னா' என்று பெயர். வாத்தியக்காரர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகப் பேசும்போது எழுத்துக்களைப் புரட்டிப் போட்டுச் சொல்லுவார்கள். 'ஒன்னா', 'நஓன்' ஆகி விடும். பெண்ணைப் புரட்டிப் போட்ட பெயரிலேயே ஒரு திருவிழா! 'மேடையில் பெண் என்றால் பாடத்தானே வருவாள்?' என்று நினைத்துக் கொண்டிருந்தவர்களையும் அது புரட்டித்தான் போட்டது.

மூன்றாவதாக ஒரு பெயரையும் சொல்லாமல் விட முடியாது: பிரின்ஸஸ் பிரின்ஸஸ். 1983-ல் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த ஐந்து பெண்கள். டோக்கியோவில் 1964 ஒலிம்பிக்கின் ஜூடோப் போட்டிக்காகக் கட்டிய புடோகான் என்னும் பெரிய அரங்கம் இருக்கிறது. 1966-ல் பீட்டில்ஸ் அங்கே பாடினார்கள். அன்று முதல் புடோகான் மேடை ஏறுவது என்பது ஜப்பானியக் கலைஞனுக்கு ஒரு பட்டாபிஷேகம் மாதிரி. முழுக்க முழுக்கப் பெண்களே உள்ள குழு ஒன்று அந்த மேடையில் முதன் முதலாக ஏறியது 1989 ஜனவரியில். ஏறியவர்கள் இந்த ஐவர். அதே வருஷம் அவர்களுடைய 'டைமண்ட்ஸ்' என்ற பாட்டுத்தான் நாட்டிலேயே அதிகம் விற்ற ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு.

* * *

"இதெல்லாம் எப்படி அங்கே மட்டும் சாத்தியமாயிற்று?" என்ற கேள்வி எழும். ஒரு காரணம் பள்ளிக்கூடம்.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி விடுவதில்லை. பலரும் ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்து சாயங்காலம் வரையில் பயிற்சி செய்வது வழக்கம். டென்னிஸ் சங்கம், தேநீர்ச் சடங்குச் சங்கம் என்பவற்றோடு 'மெல்லிசைச் சங்கம்' என்றும் ஒன்று பல பள்ளிகளில் உண்டு. பெயர்தான் மெல்லிசை. உள்ளே நடப்பது கிடாரும் டிரம்ஸும்! வருஷா வருஷம் பள்ளி விழாவில் மேடை ஏறலாம். வீட்டில் பியானோ கற்றுக் கொண்ட பெண், சங்கத்தில் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக் கொள்ளுகிறாள். இதையே கதையாக வைத்து 'கே-ஆன்' என்ற கார்ட்டூன் தொடர் 2009-ல் வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கிடார் வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரித்த பெண்கள் அநேகம்.

ஸ்காண்டல் என்ற குழு ஒஸாகாவில் பாட்டும் நடனமும் கற்றுத் தரும் ஒரு பள்ளியில் 2006-ல் உருவானது. நாலு பெண்கள், எல்லோரும் பள்ளி மாணவிகள். வார விடுமுறையில் ஒஸாகாக் கோட்டைப் பூங்காவில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்கள். அதே நால்வரும் ஆள் மாறாமல் பதினேழு வருஷம் தாக்குப் பிடித்தார்கள். பெண்கள் குழுக்களில் இதுவே மிக நீண்ட சாதனை என்று 2023-ல் கின்னஸ் புத்தகத்தார் பதிவு செய்தார்கள்.

ஹனாபியே என்ற குழு 2015-ல் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் ஆரம்பித்தது. செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் சமயத்தில் திடீரென்று ஒரு குளிர் திரும்பி வருமாம். அதற்குத்தான் 'ஹனாபியே' என்று பெயர். ஆனால் பாட்டில் குளிர்ச்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். யுகினா என்ற பெண் ஒரு வரியைக் குழந்தை மாதிரி கொஞ்சிப் பாடுவார். அடுத்த வரிக்கு அடித்தொண்டையிலிருந்து புலி மாதிரி உறுமுவார். 2023-ல் உலகமெல்லாம் கேட்ட அவர்களுடைய பாட்டின் தலைப்பைக் கேளுங்கள்: 'உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்க வேண்டும்!' ஜப்பானிய ஆபீஸில் மற்றவர்கள் இருக்கும்போது வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் சம்பிரதாயமாகச் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. வேலை நேரம் முடிந்த பின்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பயந்து கொண்டு உட்கார்ந்திருக்கிற சகோதரிகள் இந்தப் பாட்டின் உறுமலுக்கு அர்த்தம் கேட்க மாட்டார்கள். தானே புரிந்து விடும்!

* * *

சரி, ரசிகர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

புடோகானுக்குப் போகும் வழி பூமிக்கு அடியில் ஆரம்பமாகிறது. ஜப்பானில் 'லைவ் ஹவுஸ்' என்று சின்னச் சின்ன இசைக்கூடங்கள் ஏராளம். பல, கட்டிடங்களின் அடித்தளத்தில் இருக்கின்றன. நூறு, இருநூறு பேர் நின்று கொண்டு கேட்கலாம்; நாற்காலி கிடையாது. டிக்கெட்டில் உள்ள எண் வரிசைப்படிதான் உள்ளே விடுவார்கள். முண்டியடிக்கிற வழக்கம் இல்லை. டிக்கெட்டோடு ஒரு பானத்துக்கும் கட்டாயமாகக் காசு வாங்கி விடுவார்கள். சில கச்சேரிகளில் பெண்களுக்கென்று தனியாக இடம் ஒதுக்குவதும் உண்டு.

ஒரே மாலையில் நாலைந்து குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும். வாசலில் டிக்கெட்டைக் காட்டும்போது அங்கே இருக்கிறவர் ஒரு கேள்வி கேட்பார்: "இன்றைக்கு யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

உபசாரக் கேள்வி என்று நினைத்து விடாதீர்கள். நீங்கள் சொல்லும் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். எந்தக் குழுவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்பது கணக்கு. பல கூடங்களில் ஒவ்வொரு குழுவும் இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும் என்று நிபந்தனை உண்டு. குறைந்தால் வித்தியாசத்தை வாசிக்கிறவர்களே கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும்! பகலில் கடையிலோ ஆபீஸிலோ வேலை பார்த்து விட்டு, ராத்திரி தோளில் கிடாரோடு வந்து, வாசித்ததற்கு அபராதமும் கட்டி விட்டுப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆகவே வாசலில் ஒருவர் வாய் திறந்து சொல்லும் அந்த ஒரு பெயர் சாமானியமானதல்ல.

ரசிகன் என்றால் கைதட்டுகிறவன் என்று நாம் நினைக்கிறோம். அங்கே ரசிகன் என்றால், 'இன்னாருக்காக வந்தேன்' என்று வாசலில் நின்று சொல்கிறவன்.

* * *

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பாண்ட்-மெய்ட் என்ற குழுவினால். எங்கள் பத்திரிகை ஆபீஸில் படம் வரைகிற ஓர் இளைஞர் செல்போனில் ஒரு பாட்டைக் காட்டினார். ஐந்து பெண்கள், கறுப்பும் வெள்ளையுமாக வேலைக்காரப் பெண்களின் உடுப்பு, லேஸ், ஏப்ரன் எல்லாம் உண்டு. 'சரிதான், ஏதோ பொம்மைக் கொலு' என்றுதான் யாருக்கும் தோன்றும். பாட்டு ஆரம்பித்தது பாருங்கள். பொம்மைகள் இடி இடித்தன!

இந்தக் குழுவை 2013-ல் யோசித்து உருவாக்கியவர் மிக்கு கோபாத்தோ. டோக்கியோவின் அகிஹபாரா பேட்டையில் பணிப்பெண் வேஷத்தில் பரிமாறுகிற காபிக் கடைகள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கடையில் அவர் வேலை பார்த்தவர். பார்வைக்கு அடக்கமான அந்த வேஷத்தையும் அடங்காத ராக் சங்கீதத்தையும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்பது அவருடைய யோசனை. 'கோபாத்தோ' என்றால் குட்டிப் புறா. அதனால் மேடையில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் புறா மாதிரி 'போ' என்று சேர்த்துக் கொள்வார். கச்சேரியைக் கச்சேரி என்று சொல்வதில்லை, 'பரிமாறுதல்' என்பார்கள். ஆண் ரசிகர் 'எஜமானர்'. பெண் ரசிகை 'சீமாட்டி'. ஆகவே, வாசக சகோதரிகளே, இதை எழுதுகிற அடியாள் ஒரு சீமாட்டி!

அந்த வேஷம் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கையும் இருநூறு வேலை செய்கிற பெண்ணுக்கு மேடையிலும் ஏப்ரன் கட்ட வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி உண்டு. ஆனால் அந்த யோசனை ஒரு முதலாளி திணித்தது அல்ல. அந்தப் பெண்ணே தேர்ந்தெடுத்தது. மேடையில் பரிமாறுகிறவர் யார், வாயடைத்து நிற்கிறவர் யார் என்பதைப் பார்த்தால் எஜமானர் பட்டம் எவ்வளவு பெரிய கேலி என்பதும் விளங்கும்.

ஆரம்பத்தில் கோபாத்தோ பாடத்தான் செய்தார். கிடார் பிடிக்கத் தெரியாது. குழு தொடங்கிய பிறகுதான் கற்றுக் கொண்டார். பக்கத்தில் கனாமி என்கிற பெண் மின்னல் மாதிரி வாசித்துக் கொண்டிருக்கும்போது, இவர் எல்லோர் எதிரிலும் ஒவ்வொரு படியாக ஏறினார். பழைய ரசிகர்கள் பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு, 'இந்த வருஷம் இந்த இடத்தில் கை எப்படி நகர்ந்தது, மூன்று வருஷம் கழித்து எப்படி நகர்கிறது பார்' என்று பெற்றோர் மாதிரி பூரிப்பார்கள்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் நறுக்கிக் கொண்டே இவர்கள் பாட்டைப் போட்டு விட்டேன். உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "ஏம்மா, மிக்ஸியில் கரண்டியைப் போட்டு ஓட விட்டாயா?"

"இல்லை அம்மா, இது பாட்டு" என்றேன்.

வந்து பார்த்தார். இரண்டு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த மத்தளம் அடிக்கிற பெண் சிரித்துக் கொண்டே அடிக்கிறாளே! கை வலிக்காதோ?"

டிரம்ஸ் வாசிக்கும் அகானேயைத்தான் சொன்னார். அகானேயின் சிரிப்பு ரசிகர்களிடையே வெகு பிரசித்தம். சங்கீதம் பிடித்ததா என்று மாமியார் சொல்லவில்லை. ஆனால் ஐந்து பேரில் ஒருத்தியைத் தனியாகப் பார்த்து, அவள் கையைப் பற்றிக் கவலைப்பட்டார். நான் மனசுக்குள் அவரையும் சீமாட்டிகள் பட்டியலில் சேர்த்து விட்டேன்.

* * *

இதை நான் வெறும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒருத்தியைத் தனியாகக் கவனிப்பதில்தான் ரசனையே இருக்கிறது.

யூடியூபில் ஒரு புதிய வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பாட்டை முதன் முதலாகக் கேட்பதைப் படம் பிடித்துப் போடுவார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடார் வாத்தியார்கள், நரைத்த தலை ராக் பேர்வழிகள் எல்லோரும் இந்த ஜப்பானியப் பெண்களைக் கேட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. முதலில் லேஸைப் பார்த்து ஒரு புன்னகை. அரை நிமிஷத்தில் புருவம் மேலே போகும். கிடார் தனி வந்ததும் வாய் பிளந்து கொள்ளும். "நம்பவே முடியவில்லை! பெண்களாயிற்றே!" என்பார்கள்.

நல்ல வார்த்தைதான். ஆனால் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று தைக்கும். பல வருஷங்களுக்கு முன்னால், நான் முதலில் வேலை பார்த்த ஓரிடத்தில், என் கட்டுரை ஒன்றைப் படித்து விட்டு மேலதிகாரி ஒருவர் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார்: "பெண் எழுதின மாதிரியே இல்லை!" அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வரையில் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. கட்டுரையில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அந்தப் பாராட்டுக்கும் ரசனைக்கும் உள்ள தூரத்தை இந்த ரசிகர்களிடம் கண்டேன். 'பெண்களாயிற்றே' என்று ஆரம்பித்தவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். ஆனால் பத்துப் பாட்டு கேட்ட பிற்பாடு அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்கள். மிசாவின் பேஸ் கிடார் எந்த இடத்தில் மற்றவர்களை விட்டு விலகித் தன் வழியே போகிறது என்று தர்க்கம் செய்வார்கள். சாய்க்கி மூச்சு எடுக்கும் இடத்தைக் கவனித்துச் சொல்வார்கள். லவ்பைட்ஸ் என்ற மெட்டல் குழுவில் மிதோரி, மியாகோ என்று இரண்டு கிடார்க்காரிகள் உண்டு. கண்ணை மூடிக் கொண்டு கேட்டு, 'இந்த நாலு வரி மிதோரி, அடுத்த நாலு வரி மியாகோ' என்று பந்தயம் கட்டுவார்கள். மியாகோ மேற்கத்திய சாஸ்திரீய முறையில் பியானோ கற்றவர். அந்தப் பயிற்சி அவர் கிடாரில் எங்கே தலை காட்டுகிறது என்று ஆராய்ச்சி செய்வார்கள். இந்தப் பேச்சில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வாசிப்பு இருக்கிறது; வாசித்தவர் பெயர் இருக்கிறது. ஒரு கலைஞருக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

* * *

ரசிகர்களுக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு. அது காத்திருப்பது.

பெண் மேடை ஏறினால் உலகம் கேட்கிற முதல் கேள்வி, 'இது எத்தனை நாளைக்கு?' என்பதுதானே? நம் வீடுகளிலும் கல்யாணத்துக்கு முன்னால் வாசித்த வீணை, பிறகு உறை போட்டபடியே மூலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஜப்பானிலும் குழுக்கள் உடைகின்றன, ஆட்கள் விலகுகிறார்கள். ஷோ-யாவின் கெய்கோ தெராதா 1991-ல் குழுவை விட்டுப் போனார். சில வருஷங்களில் குழுவும் கலைந்தது. ஆனால் 2005-ல் பழைய ஐவரும் திரும்பக் கூடினார்கள். 2008-ல் ஹிபியா பூங்காத் திருவிழாவையும் புதுப்பித்தார்கள். பதினான்கு வருஷம் காத்திருந்தவர்களுக்கு அந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும்!

பிரின்ஸஸ் பிரின்ஸஸ் 1996-ல் கலைந்தது. 'இனிச் சேர மாட்டோம்' என்பது போலவே வருஷங்கள் போயின. 2011 மார்ச் 11-ஆம் தேதி வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அர்த்தம் நமக்கு 2004 டிசம்பர் 26-லேயே தெரிந்து விட்டது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நிவாரண நிதிக்காக அந்த ஐந்து பெண்களும் 2012-ல் மட்டும் மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். பதினாறு வருஷத்துக்குப் பிறகு! பழைய ரசிகைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கிடைத்த நிதியில் ஒரு பகுதி, செண்டாய் நகரத்தில் ஓர் இசையரங்கம் எழுவதற்கு உதவியது. 2016 மார்ச்சில் அதைத் திறந்து வைத்து அங்கே வாசித்தவர்களும் அவர்களே. ரசிகர்கள் கொடுத்த டிக்கெட் காசு, கடல் கொண்டு போன ஊருக்குக் கூரையாகத் திரும்பி வந்தது.

லவ்பைட்ஸ் கதை இன்னும் சமீபத்தியது. மிஹோ என்ற பேஸ் கிடார்க்காரியும் ஹருனா என்ற டிரம்ஸ்காரியும் 2016-ல் ஆரம்பித்த குழு இது. 2018-ல் இங்கிலாந்தின் மெட்டல் ஹாமர் பத்திரிகை சிறந்த புதுக் குழு என்று இவர்களுக்குப் பரிசளித்தது. 2021-ல் ஆரம்பித்தவர்களில் ஒருவரான மிஹோவே விலகினார். மற்றவர்கள் அவசர அவசரமாக ஆள் பிடிக்கவில்லை. குழுவை நிறுத்தி வைத்தார்கள். ரசிகர்கள் வேறு கடைக்குப் போய் விடவில்லை. 2022-ல் பகிரங்கமாகத் தேர்வு வைத்து ஃபாமி என்ற இளம் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். யூடியூபில் தனியாக வாசித்துக் காட்டிக் கொண்டிருந்த பெண் அவர். 2023-ல் புதிய இசைத்தட்டு வந்தது. பழையவரின் இடத்துக்கு வருகிற புதுப் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது மருமகளாகப் போன எல்லோருக்கும் தெரியும். மிஹோவை மறக்காமலே ஃபாமியை வரவேற்றார்கள் இந்த ரசிகர்கள். அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

பாண்ட்-மெய்ட் பெண்களுக்கு 2021 பிப்ரவரியில் புடோகானில் வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. கொரோனா வந்து அதைக் கெடுத்தது. கச்சேரி ரத்தாயிற்று, அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வழியாக 'பரிமாறினார்கள்'. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருந்தவர்களைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? அந்தக் காலத்துப் பழக்கம் அது. 2023-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் லொல்லபலூஸா விழாவில் வாசித்தார்கள். அதே நவம்பரில் யோகஹாமா அரங்கத்தில் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவும் நடத்தினார்கள். கூட்டத்தில் வெள்ளைக்கார எஜமானர்களும் ஜப்பானியச் சீமாட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல், ஒரே சமயத்தில் ஒரே பெயரைக் கூவினார்கள்.

* * *

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்கும் கேட்டுப் பார்க்கத் தோன்றலாம். ஷோ-யாவின் 'கென்காய் லவர்ஸ்' (1989), லவ்பைட்ஸின் 'ஷாடோமேக்கர்' (2017), பாண்ட்-மெய்டின் 'டாமினேஷன்' (2018) ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறைவாகவே வைத்துக் கொள்ளுங்கள். காது கடவுள் கொடுத்தது, கடையில் கிடைக்காது. குழந்தை தூங்குகிற வேளையையும், அடுத்த வீட்டுக்காரர் பூஜை செய்கிற வேளையையும் தவிர்ப்பது உத்தமம்.

ஆனால் ஒரு தடவையோடு விட்டு விடாதீர்கள். மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை வெறும் சத்தமாக இருக்கும். இரண்டாவது தடவை, 'அட, பெண்களா இப்படி வாசிக்கிறார்கள்!' என்று இருக்கும். அங்கே நின்று விடாமல் மூன்றாவது தடவையும் கேட்டால், கிடார் தனியாக, டிரம்ஸ் தனியாக, அடியில் ஓடும் பேஸ் தனியாகக் காதில் விழ ஆரம்பிக்கும். உடனே, 'இதை வாசிப்பது யார்? அவள் பெயர் என்ன?' என்று கேட்பீர்கள்.

கேட்டு விட்டீர்களானால் நீங்களும் சீமாட்டிதான். எந்தப் பெயரைக் கேட்டீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.